பேராதனைக்குப் போகிற நாள்

பேராதனைப் பூந்தோட்டத்தை மகாவலி ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. நாலாவது பக்கம் கண்டி ரோடு. பரப்பு 147 ஏக்கர். ஒரே நாளில் முழுக்கப் பார்த்துவிட்டோம் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. நாங்கள் எப்போது போனாலும் ஏதாவது ஒரு மூலை மிச்சமிருக்கும். பிள்ளைகள் இன்னும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தால், "அது அடுத்த வருசத்துக்கு இருக்கட்டும்" என்பார் அப்பா. அப்படி நாங்கள் மிச்சம் வைத்த மூலைகள் இன்னமும் அங்கேதான் இருக்கின்றன. நான்தான் இப்போது தமிழ்நாட்டில், கோத்தகிரியில் இருக்கிறேன்.

பிறந்தது புசல்லாவைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதற்குள் அப்பாயி, அப்பா, அம்மா, அண்ணன், நான், தம்பி. இருட்டு விலகும் முன்பே, வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுத் தப்பு கேட்கும். அம்மா படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறுவாள். நிறுவையில் குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். மழை என்றாலும் அட்டை என்றாலும் அதே கணக்குத்தான்.

லீவு நாள் போயா. 1966இலிருந்து 1971 வரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையாக இல்லை. பிறையின் கணக்குப்படி வருகிற போயாதான் வார விடுமுறை. அதனால் சில வாரம் ஏழு நாளாக இருக்கும், சில வாரம் எட்டாக நீளும். பெரியவர்களுக்கு அது குழப்பம். எங்களுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது: வானத்தைப் பார்த்தால் லீவு எப்போது என்று தெரிந்துவிடும். பேராதனைக்குப் போவதென்று முடிவானால் முதல் நாள் ராத்திரியே வீடு மாறிப்போகும். அம்மா கோதுமை மாவில் தேங்காய்ப்பூவைக் கொட்டிப் பிசைந்து ரொட்டி சுடுவாள். கொச்சிக்காயும் மாசியும் சேர்த்துக் கட்டச் சம்பல் இடிப்பாள். எல்லாவற்றையும் வாழையிலையில் மடித்து, ஒரு பழைய துணிக்குள் கட்டுவாள். தேத்தண்ணி போத்தலில். பெட்டிக்குள் கிடக்கும் தீபாவளி உடுப்பை வெளியே எடுக்க அன்றைக்கு அனுமதி உண்டு. அப்பாயி மட்டும் எப்போதும் கட்டும் கண்டாங்கியிலேயே வருவாள்.

சிவப்பு பஸ் புசல்லாவையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும். கம்பளையை நெருங்கும்போது காற்று மாறும். எங்கள் மலையின் ஈரக்குளிர் போய், வெதுவெதுப்பான, பலாப்பழ வாசனை கலந்த காற்று ஜன்னல் வழியே வரும். தம்பி சுவெட்டரைக் கழற்றிவிடுவான். அங்கிருந்து மகாவலி கூடவே வரும். பல்கலைக்கழகக் கட்டடங்களும் பெரிய மரங்களும் தாண்டினால் பேராதனைச் சந்தி. இறங்கிக் கொஞ்சம் நடந்தால் வாசல்.

வாசலுக்குப் பக்கத்திலேயே வாசனைத் திரவிய மரங்கள். சாதிக்காய், கராம்பு, கறுவா. அம்மா கீழே கிடக்கிற ஓர் இலையை எடுத்துக் கசக்கி, எங்கள் மூக்கருகே கொண்டுவருவாள். மரத்திலிருந்து எதையும் பறிக்க மாட்டாள். பறிக்கக் கூடாது என்று பலகை இருந்தது. ஆனால் அவள் பலகையைப் படித்து நடந்தவள் இல்லை. வாரமெல்லாம் இரண்டிலையும் மொட்டுமாகப் பறித்த விரல்கள் அன்றைக்கு ஒரு நாள் ஒன்றையும் பறிக்காமல் இருந்தன. கைகளை முந்தானைக்குள் விட்டுக்கொண்டு அவள் நடப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கோயிலுக்குப் போனாலும் அவள் கையில் தட்டோ குழந்தையோ இருக்கும்.

அண்ணன் ஐந்தாம் வகுப்பிலேயே இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிப்பான். மரங்களின் அடியில் இருந்த பலகைகளைப் படித்துச் சொல்லுவது அவன் வேலை. தாவரப் பெயர் நாக்கில் புரளாது. ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொள்வான். இது பர்மாவிலிருந்து வந்தது. இது மடகாஸ்கர். இது ஜாவா. இரட்டைத் தேங்காய் காய்க்கிற மரம் செய்ஷெல்ஸ் தீவுகளிலிருந்து வந்தது. அந்தக் காய் முற்றவே ஆறேழு வருஷம் ஆகும், எடை 20 கிலோவையும் தாண்டும். உலகத்திலேயே அதன் விதையைவிடப் பெரிய விதை இல்லை. ஆற்றங்கரையில் நின்ற ராட்சத மூங்கில் பர்மாப் பக்கத்தது. மழைக்காலத்தில் ஒரே நாளில் ஓர் அடி வளரும் என்று யாரோ சொல்ல, தம்பி அதன் குருத்துக்கு முன்னால் குந்திக்கொண்டு, வளர்வதைப் பார்க்காமல் எழுந்து வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். பலகைகளில் அந்தந்த மரத்தின் பிறந்த நாடு எழுதியிருந்தது. ஆனாலும் அவற்றைப் பேராதனை மரங்கள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

நாகலிங்க மரம் ஒன்று உண்டு. 1901இல் இங்கிலாந்து இளவரசராக வந்து, பிற்பாடு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவரும் அவர் மனைவி மேரியும் நட்டது. பார்க்க வருகிறவர்கள் அந்தப் பெயர்களுக்காக நிற்பார்கள். அம்மாவுக்கு ராஜா எல்லாம் பொருட்டில்லை. தண்டிலிருந்து நேராகப் பூத்துத் தொங்கும் அந்தப் பூவுக்குள் லிங்கமும் அதன்மேல் குடைபிடிக்கும் நாகமும் இருக்கின்றன. அது போதும் அவளுக்கு. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவாள். உதிர்ந்து கிடந்ததில் நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்து இலையில் சுற்றி வைத்துக்கொள்வாள். பக்கத்தில் வெள்ளைச் சேலையில் நிற்கும் சிங்களப் பெண்களும் அந்த மரத்தைக் கும்பிடுவார்கள். அவர்களுக்கு அது புத்தரோடு சேர்ந்த மரம். அவர்களும் உதிர்ந்ததைத்தான் பொறுக்குவார்கள்.

மத்தியானச் சாப்பாடு பெரிய புல்வெளியில், ஜாவா அத்தியின் கீழே. ஒரே மரம், கிளைகள் 2,000 சதுர மீட்டருக்கு மேல் பரந்து தரையைத் தொடப் பார்க்கும். அதன் நிழலில் எத்தனை குடும்பம் உட்கார்ந்தாலும் இன்னொரு குடும்பத்துக்கு இடம் இருக்கும். கண்டியிலிருந்து, குருநாகலிலிருந்து, மாத்தளையிலிருந்து வந்தவர்கள். யாராவது ஒரு சிங்கள அக்கா கிரிபத், அதாவது பாற்சோறு, கொண்டுவந்து எங்கள் இலையில் வைப்பாள். அம்மா ரொட்டியும் சம்பலும் கொடுப்பாள். சம்பலின் காரத்தில் அந்த அக்காவின் பிள்ளைகள் தண்ணீருக்கு ஓடும், எல்லாரும் சிரிப்பார்கள். அப்பாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். விலைவாசி, மழை, பிள்ளைகளின் படிப்பு என்று பேச்சு போகும்.

சாப்பிட்டபின் அப்பா தலைத்துண்டை விரித்து மல்லாக்கப் படுத்துக்கொள்வார். இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டத்தில் துரையின் வண்டிச் சத்தம் கேட்டாலே தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் ஒதுங்கி நிற்கிறவர் அவர். கணக்கப்பிள்ளை வந்தாலும் இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்க மாட்டார், எழுந்துவிடுவார். பேராதனைப் புல்வெளியில் வெள்ளைக்காரர்கள் குடைபிடித்துக்கொண்டு நடந்து போனார்கள், தொப்பி வைத்த பெரிய மனிதர்கள் போனார்கள். அப்பா எழவில்லை. கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அத்தி இலைகளுக்கு நடுவே வெயில் புள்ளி புள்ளியாக அவர் சட்டையில் விழும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு எதன்மீது ஏக்கம் என்று கேட்டால் ஆர்க்கிட் வீட்டையும் பூப்பாத்தியையும் சொல்ல மாட்டேன். அந்தப் புல்தரையையும் அதில் நீட்டிப் படுத்திருந்த அப்பாவின் கால்களையும்தான் சொல்வேன்.

அப்பாயி இதிலெல்லாம் சேர மாட்டாள். அவளுக்கு வேண்டியது பனை.

எங்கள் மலையில் பனை கிடையாது. கித்துல் உண்டு, பாக்கு உண்டு, மரப்பன்னம் உண்டு. பேராதனையில் பனைவகைகளுக்கென்றே சாலைகள் இருக்கின்றன. வெளிநாட்டு ராஜபனைகள் சாம்பல் நிறத் தூணாக வரிசையில் நிற்கும் சாலை ஒன்று. அதில்தான் எல்லாரும் நின்று படம் எடுப்பார்கள். பூப்பதே வாழ்நாளில் ஒரே ஒரு முறை, பூத்துக் காய்த்ததும் பட்டுப்போகிற தாளிப்பனையும் அங்கே உண்டு. இவற்றுக்கு நடுவே, 1887இல் நட்ட நம்முடைய சாதாரணப் பனைமரச் சாலை. வருகிறவர்களில் பலர் அதை ஏறிட்டுப் பார்க்காமல் ஆற்றுப் பக்கம் போய்விடுவார்கள். அப்பாயி அங்கே போய் ஒரு மரத்தின் அடியில் முதுகை ஊன்றி உட்கார்ந்துவிடுவாள். கருக்கு மட்டை காற்றில் உரசுகிற சரசரப்பு கேட்கும். "எங்கூரு சத்தம்டி" என்பாள்.

அவள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். பத்துப் பன்னிரண்டு வயதில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மண்டபம் முகாமில் அடைத்து வைத்து, நோய் இல்லை என்று பார்த்தபிறகு கப்பல். நொங்கு வெட்டித் தின்றது, பனங்கிழங்கை அவித்து நார் உரித்தது, பதநீர்க் கலயத்துக்குள் எறும்பு மிதந்தது, இதெல்லாம் அந்தப் பனையடியில்தான் நாங்கள் கேட்டோம். லயத்தில் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். கேட்டால் "அங்க என்ன இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பேராதனையில் மட்டும் வாய் திறக்கும். அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாதென்று என்னைக் காவல் வைப்பார்கள். அதனால் நான் பார்க்காத மூலைகள் அதிகம்; ஆனால் பார்க்காத ஊர் ஒன்று முழுக்க எனக்கு வந்து சேர்ந்தது.

பின்னாளில் ஆசிரியை ஆகி, புத்தகங்கள் கைக்கு வந்தபோது அந்தத் தோட்டத்தைத் தேடித் தேடிப் படித்தேன். 18ஆம் நூற்றாண்டில் கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் அரச தோட்டமாக அது இருந்தது. அந்த அரசன் மதுரை நாயக்கர் வழி. வெள்ளைக்காரர் கைக்கு வந்தபின், 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவர் அங்கே தாவரவியல் தோட்டத்தை அமைத்தார். கோப்பியும் கறுவாவும் வைத்தார்கள். 1824இல் சீனாவிலிருந்து கொண்டுவந்த தேயிலைச் செடி அங்கேதான் நடப்பட்டது. 1839இல் அசாம் விதை வந்தது. அப்போது அது ஒரு காட்சிச் செடி, அவ்வளவுதான். கோப்பிதான் பணம். 1869இல் கோப்பி இலையில் துரு விழுந்தது. அந்த இலைகளைச் சேகரித்து இங்கிலாந்துக்கு அனுப்பியவர் அப்போது பேராதனைத் தோட்டத்தை நடத்திவந்த த்வெயிட்ஸ். பூஞ்சைக்குப் பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. சில பத்தாண்டுகளில் கோப்பி மலைகள் காலியாயின. பூங்காவில் ஓரமாக நின்ற செடியின் இனம் மலைமுழுக்க ஏறியது. அதன் பின்னாலேயே அப்பாயியும் வந்தாள். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தேயிலை எந்த இடத்தில் நின்றது என்று தெரியாமலே அதைச் சுற்றித்தான் நாங்கள் ரொட்டி தின்றிருக்கிறோம்.

1948இலேயே எங்களவர்களின் குடியுரிமை போயிற்று. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதென்று முடிவு. லயத்துக்கு லயம் யார் எந்தக் கணக்கில் என்பதே பேச்சானது. எங்களுக்கு இந்தியா வந்தது. அப்பாயிக்கும் வந்தது. ஆனால் அவள் அதற்குள் இறந்துவிட்டாள். 12ஆம் நம்பர் மலைக்கு மேலே, தேயிலைக்கு நடுவிலேயே புதைத்தோம். ஊர்ப் பெயரைச் சொல்லிச் சொல்லி உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த ஊர் கிடைக்கவில்லை. ஊரே அறியாத எங்களுக்குக் கிடைத்தது.

நாங்கள் போன ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். கம்பளை ஸ்டேஷனில் ஏற்றிவிட வந்தவர்களின் அழுகை வண்டி நகர்ந்த பின்னும் காதில் நின்றது. அந்த வண்டி பேராதனைச் சந்தி வழியாகத்தான் போகும். ராத்திரி. நானும் தம்பியும் ஜன்னலுக்குப் போட்டியிட்டு எட்டிப்பார்த்தோம். தண்டவாளத்தின் இரும்புச் சத்தம் மட்டும் வந்தது, தோட்டம் தெரியவில்லை. அண்ணன், "இந்தப் பக்கம்தான், இந்தப் பக்கம்தான்" என்று கைகாட்டிக்கொண்டே இருந்தான். தலைமன்னார் போய், கப்பலேறி, ராமேஸ்வரம் இறங்கி, அப்பாயி தங்கிய அதே மண்டபம் முகாமுக்கு வந்தோம்.

விடிந்ததும் வெளியே வந்தால் எங்கு பார்த்தாலும் பனை. மணலில், வேலியோரத்தில், கண்ணுக்கு எட்டிய மட்டும். காற்றில் அதே சரசரப்பு. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "பேராதனை மாதிரியே இருக்குல்ல" என்றாள். அப்பாயி பேராதனையில் தன் ஊரைக் கண்டாள். நாங்கள் அவள் ஊர் மரத்தில் பேராதனையைக் கண்டோம். அன்றிலிருந்து இன்றுவரை ரயிலிலோ பஸ்ஸிலோ போகும்போது பனங்கூட்டத்தைக் கண்டால் எனக்கு மகாவலியின் ஈரம்தான் நினைவுக்கு வருகிறது.

நீலகிரியில் தாயகம் திரும்பியவர்களுக்கென்று 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை கிடைத்தது. அதே கூடை, அதே இரண்டிலையும் மொட்டும். ஊட்டி தாவரவியல் பூங்கா எங்களுக்குப் பக்கம் என்று தெரிந்ததும் அம்மா ரொட்டி சுட்டாள்.

ஊட்டிப் பூங்காவைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அது நல்ல பூங்கா. வெள்ளைக்காரர்கள் மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டுக் காய்கறி விளைவிக்க ஆரம்பித்த இடத்தை, கியூ தோட்டத்திலிருந்து வந்த மெக்ஐவர் 1848இலிருந்து பல வருஷம் உழைத்து, சதுப்பும் சரிவுமாக இருந்த மலையைப் படிப்படியாக ஒழுங்குசெய்து பூங்காவாக்கினார். 22 ஹெக்டேர். இரண்டு கோடி வருஷத்துக் கல்மரம் அங்கே கிடக்கிறது. மேலே ஏறினால் தோடர் மந்து. மே மாத மலர்க்காட்சிக்கு என் பேரப்பிள்ளைகள் ஜனவரியிலிருந்தே நாள் எண்ணுகிறார்கள். சரிவில் உருண்டு உருண்டு சட்டை முழுக்கப் பச்சைக் கறையோடு வருகிறார்கள். அவர்களுக்கு அது அவர்களுடைய பூங்கா. பிற்காலத்தில் எந்த ஊரில் இருந்தாலும் அவர்கள் அந்தச் சரிவை நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அதில் எனக்குச் சந்தோஷமே.

ஆனால் அது 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. பேராதனை 460 மீட்டர். இங்கே வளர்வது குளிருக்குப் பழகிய மரங்கள். புல் ஈரமாக, சில்லென்று இருக்கும். துண்டை விரித்துப் படுக்க முடியாது. அப்பா உயிரோடு இருந்தவரை ஊட்டிக்கு வந்தால் கண்ணாடி மாளிகைக்கு வெளியே பெஞ்சில் ஸ்வெட்டரும் குல்லாவுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். படுத்து நான் பார்க்கவில்லை. சாயங்காலம் ஆயிரக்கணக்கில் கிளம்புமே பேராதனை வௌவால்கள், பட்டப்பகலிலும் மரம் முழுக்கக் கறுப்பாகத் தொங்கிக்கொண்டு கீச்சிடுமே, அந்த இரைச்சலும் இங்கே கிடையாது. அங்கே அந்த மரங்களின் கீழே நின்றால் தலையில் எச்சம் விழும் என்று அம்மா முந்தானையால் எங்களை மூடிக்கொண்டு ஓடுவாள். ஆறும் இல்லை. ஏரி இருக்கிறது, ஏரி வேறு.

எங்கள் பக்கத்துப் பெண்கள் ஊட்டிப் பூங்காவில் சந்தித்துக்கொண்டால் பேச்சு எப்படியும் அங்கே போய்விடும். ஒருத்தி அட்டனிலிருந்து வந்தவள், ஒருத்தி தலவாக்கலை, ஒருத்தி மாத்தளைப் பக்கம். தோட்டம் வேறு, லயம் வேறு, துரை வேறு. பேராதனை எல்லாருக்கும் பொது. பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாகப் போனது, கல்யாணமான புதிதில் புருஷனோடு போனது, தொங்குபாலத்தின் நடுவில் நின்று யாரோ ஆட்டிவிடக் கத்தியது. எங்களில் ஒருத்தரிடமும் ஒரு படம் இல்லை. அங்கே கேமராவோடு திரிந்தவர்கள் உண்டு. அந்தக் காசுக்கு அரிசி வாங்கலாம் என்பதே எல்லா வீட்டுக் கணக்கும். அதனால் நாங்கள் ஒருவருக்கொருவர் சரிபார்த்துக்கொள்கிறோம். அத்திக்கு வலப்புறமா ஆறு, இடப்புறமா? ஆம்ஹெர்ஸ்டியா, அந்தப் பர்மாப் பூமரம், சிவப்புப் பூ தோரணமாகத் தொங்குமே, அது வாசலுக்கு எவ்வளவு தூரம்? ஒருத்தி சொல்வதை இன்னொருத்தி திருத்துவாள். அவளை மற்றொருத்தி திருத்துவாள். மத்தியானம் ஓடிவிடும்.

கோயம்புத்தூரில் வேலைபார்க்கும் என் மூத்த பேத்தி இப்போது என்னைக் கூட்டிப்போகிறேன் என்கிறாள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023இல் தொடங்கினார்கள். அதில் போகலாமா என்றேன். வேண்டாம் ஆத்தா, விமானத்தில் கொழும்பு, அங்கிருந்து ரயிலில் பேராதனை என்று அவள் வழி சொல்கிறாள். எனக்கு அது சரிப்படவில்லை. நேராகப் பேராதனையில் போய் இறங்கினால் எப்படி? முதலில் புசல்லாவைக்குப் போக வேண்டும். மேலே ஏறி அப்பாயியைப் புதைத்த இடத்தைத் தேட வேண்டும். அடுத்த நாள் காலையில் பஸ்ஸில் இறங்க வேண்டும், காற்று மாறுகிற இடத்தில் ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும். தங்குகிற இடத்தில் அடுப்பு கேட்டு வாங்கிவிடுவேன். கோதுமை மாவும் கொச்சிக்காயும் எங்கேயும் கிடைக்கும். மாசி அங்கேதான் நல்லதாகக் கிடைக்கும். உள்ளே சாப்பாடு கொண்டுபோக விடுவார்களா என்று பேத்தி கேட்கிறாள். விடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். விடாவிட்டால் வாசலிலேயே உட்கார்ந்து தின்றுவிட்டு உள்ளே போவோம், ஆனால் ரொட்டி சுடாமல் நான் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.